பூட்டிய கணிப்பொறியை ஆளும் கருவிகள்



கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் வியந்து பேசுவது வழக்கம். அது பழுதாகும் விதத்தையும், பழுதாகாமல் காக்க மனிதர் கண்ட வழிகளையும் எடுத்துரைப்போர் சிலரே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் அடிப்பகுதியைப் படிக்க மட்டுமே இயலும்படியும், எவரும் அதில் எழுத இயலாதபடியும் பூட்டி வைக்கும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. பூட்டிவிட்டால் பல பழுதுகள் வாரா என்பது உண்மை. ஆனால் பூட்டிய வீட்டில் குடியிருப்பது எவ்வாறு? புதிய பொருளை எங்கே வைப்பது? அத்தகைய இயந்திரத்தை நிர்வகிக்க எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது? இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், இந்தப் பூட்டு வந்த வரலாற்றை முதலில் அறிய வேண்டும்.

நான் பணியாற்றியது சேர்வராயன் மலையில். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிச் செடியை வைத்துப் பயிராக்க வழி செய்தார். அன்று முதல் இன்று வரை இம்மலைக்குப் புதிதாக வருவது எதுவாயினும் அதற்கு ஒரு சோதனை உண்டு. சமவெளியின் உதவி நினைத்தவுடன் கிட்டாத இடத்தில் அது தானே நிலைத்து நிற்குமா என்பதே அச்சோதனை. கணிப்பொறியும் அதற்கு விலக்கன்று.

2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பாஸ் என்பது நம் நாட்டிலேயே, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007 இல் வெளியிட்ட இயங்குதளம். நம் மொழிகளில் இயங்கக்கூடியது. உரிமக் கட்டணம் இல்லாதது. மலையில் வாழும் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் என்ற சொல் அறிமுகமானது அப்போதுதான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த மலைப்பள்ளியிலும் ஒரு கணிப்பொறி அறை இருந்தது. அங்கே எங்களுக்கு மூன்று இடர்ப்பாடுகள். முதலாவது மின்சாரம். சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் தோறும் இடி முழங்கும்; விளக்கு அணையும். ஒரு நாள் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மறுநாள் நான்கு கணிப்பொறிகள் எழவில்லை. இரண்டாவது, பல கைகள். ஒரே இயந்திரத்தில் நாளொன்றுக்கு ஐந்து வகுப்புப் பிள்ளைகள் அமர்வார்கள். அறியும் ஆவலால் ஆளுக்கொன்றை மாற்றுவார்கள். அந்த ஆவலை நான் குற்றமாகக் கருதவில்லை. கல்வியின் வித்தே அதுதான். மூன்றாவது, பழுது நீக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாமை. கீழேயிருந்து ஒருவர் ஏறி வரும் வரை அறை பூட்டியே கிடக்கும். இம்மூன்று இடர்ப்பாடுகளும் எங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. உலகெங்கும் கணிப்பொறியை ஆள்வோர் இவற்றையே வேறு வேறு உருவில் சந்தித்தனர். அவர்கள் கண்ட வழியைப் பார்ப்போம்.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதன் வழியைப் பின்பற்றி, 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதினார். இவ்விரண்டிலும் சாதாரணப் பயனர், ரூட் எனப்படும் தலைமைப் பயனர் என இரு நிலைகள் உண்டு. தலைமைப் பயனருக்குத் தடையே இல்லை. அவர் ஒரு சொல் பிழைபடத் தட்டினால் இயங்குதளம் முழுவதும் அழிந்து போகலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும் கருவியும் அவருடைய அதிகாரத்தோடுதான் இயங்கும். அது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் கோப்புகளையே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பாதியில் மின்சாரம் நின்றால் பாதி பழையது, பாதி புதியது என்ற அவல நிலை. எங்கள் நான்கு கணிப்பொறிகளுக்கு நேர்ந்ததும் அதுவே.

அடிப்பகுதியைப் பூட்டலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1980களில் சன் நிறுவனத்தின் வட்டில்லாக் கணிப்பொறிகள் பல, ஒரே பரிமாறியிலிருந்த நிரல்களை வலையமைப்பின் வழியே பகிர்ந்துகொண்டன. பலர் பகிரும் பொருளில் ஒருவர் எழுதலாகாதல்லவா? ஆகவே மாறாதவற்றை ஓரிடத்திலும், மாறுபவற்றை வேறிடத்திலும் பிரித்து வைக்கும் பழக்கம் வளர்ந்தது. 1994 இல் லினக்ஸ் அடைவுகளுக்கென ஒரு பொது நியதி வெளியாயிற்று. இந்த ஒழுங்கின்படி நிரல்கள் வாழும் இடம் யூ.எஸ்.ஆர். என்னும் அடைவு, அமைப்பு விவரங்கள் ஈ.டி.சி. என்னும் அடைவில், நாள்தோறும் பெருகும் தரவுகள் வி.ஏ.ஆர். என்னும் அடைவில்.

பள்ளிக்கூட உவமையால் சொல்கிறேன். யூ.எஸ்.ஆர். அச்சிட்ட பாடநூல் போன்றது, ஈ.டி.சி. அந்தந்தப் பள்ளியின் கால அட்டவணை; வி.ஏ.ஆர். மாணவனின் குறிப்பேடு. பாடநூலில் பிழை இருந்தால் ஒவ்வொரு மாணவனும் மை கொண்டு திருத்துவதில்லை. திருத்திய பதிப்பு வருகிறது. அட்டவணையைப் பள்ளி மாற்றலாம். குறிப்பேட்டில் மாணவன் தாராளமாக எழுதலாம். இந்த மூன்றும் கலந்துவிடாமல் காப்பதே பூட்டிய இயங்குதளத்தின் சாரம்.

2000 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாஸ் க்னோப்பர் என்பவர் க்னோப்பிக்ஸ் என்னும் லினக்ஸை வெளியிட்டார். அது குறுந்தட்டிலிருந்தே இயங்கியது. அச்சிட்ட குறுந்தட்டில் எழுத இயலாது. ஆகவே கெடுக்கவும் இயலாது. என்ன குளறுபடி செய்தாலும் அணைத்துப் போட்டால் பழைய நிலை. பழுதான கணிப்பொறியிலிருந்து கோப்புகளை மீட்கப் பலரும் அதைக் கையாண்டனர். ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டுத் திருத்தம் வந்தால், வேறு குறுந்தட்டு எழுதத்தான் வேண்டும். பூட்டு இருந்தது, ஆளும் கருவி இல்லை.

இக்குறையை நீக்கியது இரட்டைப் பிரதி என்னும் யுக்தி. 2011 இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் கணிப்பொறிகளில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது, மற்றதில் புதிய பதிப்பு முழுமையாக எழுதப்படும். அடுத்த துவக்கத்தில் புதியதற்கு மாறும். புதியது எழாவிட்டால் பழையதற்கே திரும்பும். 2013 இல் தோன்றிய கோர்ஓஎஸ் என்னும் லினக்ஸ் இம்முறையைப் பெரிய பரிமாறிகளுக்குக் கொண்டுவந்தது. 2016 இல் ஆண்ட்ராய்டு 7.0 இதே முறைக்கு வழி வகுத்தது. உங்கள் வீட்டுக் கைப்பேசி அத்தகையதாயின், நீங்கள் அறியாமலே இம்முறையைக் கையாள்கிறீர்கள்.

இதனினும் நுட்பமானது ஓஎஸ்ட்ரீ. காலின் வால்டர்ஸ் என்பவர் தொடங்கிய இக்கருவி, இயங்குதளத்தின் பதிப்புகளை ஒரு களஞ்சியத்தில் அடுக்கி வைக்கிறது. இரு பதிப்புகளுக்கும் பொதுவான கோப்பு ஒரே முறைதான் வட்டில் இருக்கும்; மாறிய கோப்புகள் மட்டுமே புதிதாக வரும். புதிய பதிப்பு முழுதும் வந்து சேர்ந்த பின்னரே அடுத்த துவக்கத்துக்கு அது குறிக்கப்படும். நடுவில் இடி இடித்து மின்சாரம் நின்றாலும் பழைய பதிப்புக்கு ஊனமில்லை. 2018 இல் இம்முறையில் அமைந்த மேசைக் கணிப்பொறி இயங்குதளத்துக்கு ஃபெடோரா சில்வர்புளூ என்று பெயரிட்டனர். ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ் என்பது இதே பயனை வட்டின் நிழற்பிரதிகளைக் கொண்டு அடைகிறது. நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003 இல் தொடங்கிய நிக்ஸ் வேறொரு வழி. அங்கே இயங்குதளத்தின் முழு வருணனையையும் ஒரு கோப்பில் எழுதி, அதிலிருந்து இயங்குதளத்தைக் கட்டுகிறார்கள்.

நிற்க. இனிக் கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். பல கணிப்பொறிகளை ஒருவரே ஆள்வதற்கென 1993 இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் என்பவர் சி.எஃப்.என்ஜின் என்னும் கருவியைப் படைத்தார். 2005 இல் பப்பெட், 2012 இல் அன்சிபிள் என்பன தொடர்ந்தன. இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகி எழுதி வைப்பார். கருவி சென்று பார்த்து, மாறுபட்டிருப்பதைத் திருத்தி வரும். இவை அரிய கருவிகள். ஆனால் இவை பிறந்தது மாற்றத்தக்க இயந்திரங்களின் காலத்தில். நிரல்களை நேரே போய் நிறுவலாம், நீக்கலாம் என்பது இவற்றின் எண்ணத்துக்கு அடிப்படை.

கோர்ஓஎஸ் வந்தபோது இந்த அடிப்படை ஆட்டம் கண்டது. அன்சிபிளின் பெரும்பாலான பகுதிகள் ஆளப்படும் இயந்திரத்தில் பைத்தான் இருக்க வேண்டுமென எதிர்பார்த்தன. கோர்ஓஎஸ்ஸிலோ பைத்தான் இல்லை. நிறுவவும் வழியில்லை, ஏனெனில் அடிப்பகுதி பூட்டியிருந்தது. சிலர் எழுதத்தக்க ஒரு மூலையில் பைத்தானின் ஒரு வகையைக் கொண்டுபோய் வைத்து வேலை வாங்கினர். ஆனால் அவ்வியங்குதளத்தைப் படைத்தவர்கள் காட்டிய வழி வேறு. இயந்திரம் முதன்முறை துவங்கும்போதே இக்னிஷன் என்னும் கருவி ஒரு கோப்பைப் படித்து வட்டு, பயனர், சேவை ஆகியவற்றை ஒரே முறை அமைத்துவிடும். அதன் பின் செய்ய வேண்டிய வேலைகளைக் கொள்கலன்கள் செய்யும். 2018 இல் ரெட் ஹேட் நிறுவனம் கோர்ஓஎஸ்ஸை வாங்கியது. பழைய கோர்ஓஎஸ் 2020 இல் நிறைவுற்றாலும், அதன் வழித்தோன்றலான ஃபெடோரா கோர்ஓஎஸ் இக்னிஷனைத் தொடர்ந்து கொண்டிருக்கிறது. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? கருவியின் பெருமையைப் பார்த்துத் தேர்வு செய்யலாகாது. இயந்திரத்தின் இயல்பைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

சரி, பூட்டிய லினக்ஸில் புதியதொன்றைச் சேர்க்க என்னென்ன வழிகள் உள்ளன? வெளியிலிருந்து உள்ளே செல்லும் வரிசையில் நான்கைச் சொல்வேன். முதலாவது, பயனரின் சொந்த அடைவு. இரண்டாவது, ஃபிளாட்பேக் முதலிய மூட்டைகள். தமக்கு வேண்டிய நூலகங்களுடன் தனித்து இயங்கும் மென்பொருள்கள் இவை. மூன்றாவது, கொள்கலன், டூல்பாக்ஸ், டிஸ்ட்ரோபாக்ஸ் என்னும் கருவிகள் முழு லினக்ஸ் ஒன்றின் தோற்றத்தைத் தனி அறையில் உண்டாக்கித் தரும், அங்கே எதையும் நிறுவலாம், அறையையே அழித்துவிட்டு வேறு அறை கட்டலாம். நான்காவது, அடிப்பகுதியிலேயே ஓர் அடுக்கைச் சேர்த்தல், சில்வர்புளூவில் ஆர்.பி.எம்.-ஓஎஸ்ட்ரீ, மைக்ரோஓஎஸ்ஸில் டிரான்சாக்ஷனல்-அப்டேட் என்னும் கருவிகள் இதற்கு உரியவை.

இந்நான்கின் வேறுபாட்டை உணர ஏற்காட்டு மரங்களே போதும். இங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மரத்தின்மேல் வாழும் ஆர்க்கிட் ஒரு தொற்றுத் தாவரம். அது மரத்தைப் பற்றி நிற்கிறது. ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் வேரின் வெலாமன் திசுவால் பெறுகிறது. அதை எடுத்துவிட்டால் மரத்துக்குக் காயமில்லை. புல்லுருவியோ பட்டையைத் துளைத்து உள்ளே வேர் விடும். அதை அகற்ற வேண்டுமானால் கிளையையே வெட்ட வேண்டும். முதல் மூன்று வழிகள் ஆர்க்கிட்டைப் போன்றவை. நான்காவது வழியைப் புல்லுருவி என்று பழிக்க மாட்டேன். தோட்டக்காரன் அறிந்து செய்யும் ஒட்டுக்கட்டு என்பேன். ஆயினும் ஒட்டு மரத்தோடு ஒன்றிவிடுகிறது. சில்வர்புளூவில் அடுக்கிய ஒவ்வொரு பொதியையும் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் கருவி மீண்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். அடுக்குகள் மிகுந்தால் புதுப்பித்தல் மெதுவாகும். சில வேளை பொதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றுவிடும்.

ஆகவே விதி இதுதான்: வேலை முடியும் வழிகளுள் மிக வெளிப்புறமானதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாணவிக்குத் தமிழ் எழுத்துரு வேண்டும்; அதை அவளுடைய சொந்த அடைவிலேயே வைக்கலாம், எவருடைய அனுமதியும் வேண்டா. படம் வரையும் மென்பொருள் வேண்டும், ஃபிளாட்பேக் போதும். நிரல் எழுதப் பழக வேண்டும், பைத்தானும் சி மொழியும் அவற்றின் துணைகளும் தேவை; கொள்கலனுக்குள் செல்லட்டும், அங்கே உடைக்கட்டும், மீண்டும் கட்டட்டும். பழைய அச்சுப்பொறிக்குரிய இயக்கி வேண்டும்; அஃது அடிப்பகுதியோடு பேச வேண்டியதாதலால், அப்போது மட்டும் அடுக்கைச் சேர்த்து மறுதுவக்கம் செய்யுங்கள்.

ஒரே இயந்திரம் இருந்தால் இவ்வளவே போதும். இருபது இயந்திரங்கள் இருந்தால்? ஒவ்வொன்றிலும் கையால் அடுக்கு சேர்ப்பது வீண் உழைப்பு; காலப்போக்கில் இருபதும் இருபது விதமாகிவிடும். இங்கேதான் அன்சிபிளுக்கு மீண்டும் இடம் கிடைக்கிறது. சில்வர்புளூவில் பைத்தான் உண்டு. ஓஎஸ்ட்ரீ அடுக்கைக் கையாளும் பகுதியும் அன்சிபிளுக்காக எழுதப்பட்டிருக்கிறது. ஈ.டி.சி. அடைவிலுள்ள அமைப்புகளை ஒழுங்குபடுத்தவும் அது உதவும். உலாவியின் வழியே இயந்திரத்தின் நிலையைக் கண்டு, புதுப்பிக்கவும் பழைய பதிப்புக்குத் திரும்பவும் விரும்பும் ஆசிரியருக்குக் காக்பிட் என்னும் கருவி எளிது. அண்மையில் இன்னொரு வழியும் வலுப்பெற்று வருகிறது. வேண்டியவற்றையெல்லாம் சேர்த்து முழு இயங்குதளத்தையும் ஒரே கொள்கலன் படிமமாக ஓரிடத்தில் கட்டி, எல்லா இயந்திரங்களும் அதையே பெறச் செய்வது அவ்வழி. பூட்சி என்னும் கருவி இதைச் செய்கிறது. 2024 இல் ரெட் ஹேட் தன் இயங்குதளத்துக்கும் இம்முறையை அறிவித்தது. ஒரு பாடநூலை ஓரிடத்தில் திருத்தி எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவது போன்றதே இது.

இதற்கெல்லாம் விலை இல்லையா? உண்டு, அதை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஃபிளாட்பேக் மூட்டைகள் வட்டில் மிகுந்த இடம் கொள்ளும். இணைய வேகம் குறைந்த மலையூர்களில் முதல் பதிவிறக்கத்துக்கு நெடுநேரம் ஆகும். புதுப்பித்தது நடைமுறைக்கு வர மறுதுவக்கம் வேண்டும். இடித் தாக்குதலால் கருகிய மின்பலகையை எந்த இயங்குதளமும் உயிர்ப்பிக்காது. பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் சொந்த அடைவில் அழித்த கட்டுரை திரும்பி வாராது. அதற்குத் தனியே நகல் எடுத்து வைப்பதே மருந்து.

இவை அனைத்தினும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பூட்டின் திறவுகோல் யார் கையில்? 1999 இல் அமெரிக்காவில் டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளே ஓடியது லினக்ஸ். மூலநிரலை நிறுவனத்தார் வெளியிட்டனர். ஆனால் வாங்கியவர் அதைத் திருத்தி மீண்டும் ஏற்றினால் கருவி இயங்க மறுத்தது. தம் முத்திரை பெற்ற நிரலை மட்டுமே அது ஏற்றது. படிக்க உரிமை உண்டு, மாற்றப் பயனில்லை என்ற இந்நிலையைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் கண்டித்தார். 2007 ஜூன் மாதம் வெளியான ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு அதற்குத் தடை விதித்தது. டோர்வால்ட்ஸ் அக்கருத்துக்கு உடன்படவில்லை. லினக்ஸின் கரு இன்றும் இரண்டாம் பதிப்பின் கீழேயே இருக்கிறது. இரு சான்றோரும் உடன்படாத இடம் அது. உங்களுள் சட்டம் படிப்போரும் கணிப்பொறி படிப்போரும் இருபக்க வாதங்களையும் எடைபோட்டுப் பாருங்கள்.

இவ்வாறு பூட்டு இருவகைப்படும். கருவியை விற்றவர் தம் கையில் திறவுகோலை வைத்துக்கொள்வது ஒன்று. கருவிக்கு உரியவர் தாமே பூட்டித் தாமே திறவுகோலை வைத்திருப்பது மற்றொன்று. சில்வர்புளூவும் மைக்ரோஓஎஸ்ஸும் இரண்டாம் வகை. உரியவர் விரும்பினால் அடுக்கைச் சேர்க்கலாம். வேறு படிமத்துக்கு மாறலாம். தாமே ஒரு படிமத்தைக் கட்டலாம். பூட்டு தவறுதலைத் தடுக்கிறது, அறிவைத் தடுப்பதில்லை. ஆகவே மேலாண்மைக் கருவி எதையேனும் உங்களிடம் ஒருவர் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது அடிப்பகுதியைத் தொடுகிறதா? தொட்டால், செய்ததைத் திருப்ப வழி உண்டா? அந்த வழியை நடத்தும் அதிகாரம் உரியவருக்கு இருக்கிறதா? மூன்றாம் கேள்விக்கு இல்லை என்று விடை வருமானால், முதல் இரண்டின் விடை எவ்வளவு இனிமையாயினும் அக்கருவியை விலக்குங்கள்.

நாளை உங்களுள் சிலர் மலையூர்ப் பள்ளிகளிலோ, சிற்றூர் மருத்துவ நிலையங்களிலோ, கூட்டுறவுச் சங்கங்களிலோ கணிப்பொறிகளுக்குப் பொறுப்பேற்பீர்கள். அங்கே உதவிக்கு ஆள் அருகில் இருக்கமாட்டார். அப்பொறுப்புக்கு ஆயத்தமாவது இன்றே தொடங்கலாம். பழைய கணிப்பொறி ஒன்று கிடைத்தால், அதிலுள்ள கோப்புகளை நகலெடுத்துவிட்டு, பூட்டிய லினக்ஸ் ஒன்றை அதில் நிறுவுங்கள். ஓர் அடுக்கைச் சேருங்கள்; மறுதுவக்கம் செய்யுங்கள்; பின்பு பழைய பதிப்புக்குத் திரும்பிப் பாருங்கள். முன்னே செல்லும் வழியோடு திரும்பி வரும் வழியையும் தம் கையாலேயே ஒருமுறை நடந்து பார்த்தவரிடம்தான் இருபது கணிப்பொறிகளை நம்பி ஒப்படைக்கலாம்.